மோகல் ஸ்கீயை மற்ற சரிவுகளிலும் ஓட்ட முடியுமா?

மோகலுக்கென்றே, அதாவது மேடும் பள்ளமுமான பனிச்சரிவுக்கென்றே, செய்த ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) ஒரு ஜோடி வாங்கினால் மலை முழுக்க அதையே வைத்துச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதுப்பனி விழாத நாளில் தாராளமாகச் சமாளிக்கலாம். பனி கொட்டிய மறுநாள்தான் திண்டாட்டம்.

நான் பெரும்பாலும் சறுக்குவது அமெரிக்காவின் கொலராடோவில், வின்டர் பார்க் பனிச்சறுக்குத் தலத்தின் மேரி ஜேன் பக்கம். மோகல் பைத்தியங்களின் ஊர் அது. என்னிடம் இருப்பது ஹார்ட் நிறுவனத்தின் எஃப்17 என்ற மோகல் ஸ்கீ. நடுப்பகுதி அகலம் 66 மி.மீ. மட்டுமே. கடையில் இப்போது சாதாரணமாக விற்கும் ஆல் மவுன்டன் ஸ்கீ (எல்லாச் சரிவுக்கும் பொதுவானது) 90, 100 என்று இருக்கும். பக்க வளைவும், அதாவது ஸ்கீயின் ஓரம் நடுவில் உள்வாங்கியிருப்பதும், என் ஸ்கீயில் குறைவு.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஆட்கள் அதே இடங்களில் திரும்பித் திரும்பி ஒதுக்கிய பனிதான் மோகல் மேடுகளாகக் குவிகிறது. அவற்றுக்கு நடுவே பெரிய வளைவு போட இடமே கிடையாது. பாதத்தைச் சுழற்றி, கொஞ்சம் பக்கவாட்டில் வழுக்கி, முழங்காலை மடக்கி மேட்டைத் தாண்ட வேண்டும். பக்க வளைவு அதிகமான ஸ்கீ, மேட்டில் விளிம்பு பட்டதுமே தன் இஷ்டத்துக்கு இழுக்கும். மோகல் ஸ்கீ இழுக்காது. முனை இளக்கமானது, அடுத்த மேட்டில் முட்டினால் வளைந்து கொடுக்கும். வால் கெட்டி, உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டாலும் தாங்கும். ஒலிம்பிக் மோகலில் மதிப்பெண்ணில் 60 சதவீதம் திருப்பங்களுக்குத்தான், வேகத்துக்கு 20தான். ஸ்கீயின் வடிவமும் அந்தக் கணக்குப்படியே.

சரி, இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய சரிவில்? சின்னச் சின்னத் திருப்பங்கள் போட்டுக்கொண்டே இறங்கினால் அவ்வளவு சுகம். குறுகலாக இருப்பதால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நொடியில் மாறும், இறுகிய பனியிலும் பிடி கிடைக்கும். ஆனால் ஸ்கீயைச் சாய்த்துவிட்டு அதுவே திரும்பட்டும் என்று விட்டால் சரிவின் ஓரத்து மரம்தான் வரும். ஸ்லாலம் (கம்பங்களைச் சுற்றிக் குறுகலாகத் திரும்பும் பந்தயம்) ஸ்கீ 12, 13 மீட்டர் ஆரத்தில் திரும்பும், இதற்குச் சுமார் 20 மீட்டர் வேண்டும். வேகம் கூடினால் முனை படபடவென்று அடிக்கும், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

கணுக்கால் அளவுப் புதுப்பனியை, இரண்டு காலையும் ஒட்டி வைத்து ஓட்டிவிடலாம். முழங்கால் ஆழம் என்றால் மூழ்கும். அதைவிட மோசம், மதியத்துக்குள் நாலு பேர் உழுதுபோட்ட கட்டிப் பனி. ஸ்கீ லேசானது, ஒவ்வொரு கட்டியும் காலைத் தட்டிவிடும். மரங்களுக்கு நடுவே மட்டும் பயப்பட வேண்டாம், அங்கேயும் பெரும்பாலும் மேடுகள்தான். ஏப்ரலில் மேடுகள் வெயிலில் இளகும்போது இதற்கு ஈடே இல்லை.

நாளில் பாதியாவது மோகலில் கழிப்பவர் என்றால் வாங்குங்கள். இல்லாவிட்டால் நடுப்பகுதி ஏறக்குறைய 80 மி.மீ. அகலமுள்ள, முனை இளக்கமான ஆல் மவுன்டன் ஸ்கீ போதும். எதை எடுத்தாலும் தலை உயரத்துக்கு மேல் நீளம் வேண்டாம், நீள வால் பள்ளத்தில் மாட்டும்.