அவசரப் பிரிவு வாசலில் முதியவர்கள்: தில்லி வாசகர்களின் கேள்விகளுக்கு அவசர சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

கேள்வி (ஆர்.கே.புரம்): 78 வயது அப்பாவுக்குத் தலைசுற்றலும் வியர்வையும் இருந்தன. ரத்த அழுத்தம் 108, நாடி 72 என்று பார்த்து, அவசரமில்லை என்பதற்கான பச்சை நிறப் பட்டை கட்டி உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துதான் ஈசிஜியில் மாரடைப்பு என்று தெரிந்தது. அளவுகள் சரியாகத்தானே இருந்தன?

பதில்: யாருக்குச் சரி என்று கேளுங்கள். வழக்கமாக 150 இருப்பவருக்கு 108 என்பது சரிவு. காயமடைந்தவர்களைத் தரம் பிரிக்கும் அமெரிக்க வழிகாட்டுதல்கூட, மற்ற பெரியவர்களுக்கு 90க்குக் கீழே இறங்கும்போது பார்க்கும் ஆபத்தை, 65 வயதைக் கடந்தவர்களுக்கு 110க்குக் கீழேயே பார்க்கச் சொல்கிறது. நாடியையும் நம்ப முடியாது. அவர் இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனோலாலோ மெட்டோப்ரோலாலோ சாப்பிடுபவராக இருந்தால், உடல் தத்தளிக்கும்போதும் துடிப்பு ஏறாது. முதியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதுண்டு. சந்தேகம் இருந்தால் வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்திருக்க வேண்டும். வழக்கமான அளவுகளையும் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். "வயதாகிவிட்டது, அதனால்தான்" என்று மட்டும் நீங்களே சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கேள்வி (மயூர் விஹார்): ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா நேற்றிலிருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார். இந்தி தெரியாததால் மிரண்டிருக்கிறார் என்கிறார்கள்.

பதில்: மொழி தெரியாதவர் தமிழிலாவது ஒழுங்காகப் பேசுவார். ஒரு மூதாட்டி "தண்ணி, தண்ணி" என்றதைக் கேட்டுச் செவிலியர் குவளையை நீட்டிக்கொண்டே இருந்தார், நான் குனிந்து கேட்டபோது, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று என்னை விசாரித்தார். அவருக்கு ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து வெகுவாகக் குறைந்து, குழப்பம் வந்திருந்தது. பங்குனியிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லச் சொல்லுங்கள். போன மாதம் சொல்லியிருக்கக் கூடியவர் இன்று தடுமாறினால், அது திடீர்க் குழப்பநிலை. கிருமித்தொற்று, சிறுநீர் அடைப்பு, புதிய மாத்திரை என எதுவும் காரணமாகலாம். இன்றே அழைத்துச் செல்லுங்கள்; "நேற்று முன்தினம் வரை நன்றாக இருந்தார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் தாத்தா குளியலறையில் விழுந்து தலையை இடித்துக்கொண்டார். காயமில்லை. காலையில் போகலாமா?

பதில்: இப்போதே போங்கள். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதைச் சொல்லுங்கள்.

கேள்வி: அத்தைக்கு ரத்த அழுத்தம் 112, நார்மல்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அவருடைய வழக்கமான அளவை நீங்களும் எழுதவில்லை.

கேள்வி (கரோல் பாக்): ரயில் நிலையத்தில்கூட மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை இருக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களை முதலில் பார்த்தால் என்ன?

பதில்: ஏற்க மாட்டேன். சளிக்கு வந்த 75 வயதுக்காரருக்காக, மூச்சுத் திணறும் இருபது வயதுப் பெண் காத்திருக்க முடியாது.

அதே வாசகர்: ஆனால் பச்சையில் தள்ளப்படுவது முதியவர்தானே? குழந்தைகளுக்குத் தனி அளவுகோல் வைத்திருக்கும் நீங்கள் இவர்களுக்கு ஏன் வைப்பதில்லை?

பதில்: இந்தக் கேள்விக்கு முன்னால் என் வாதம் நிற்காது. வரிசை வேண்டாம், அளவுகோல் வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன். அது வரும்வரை, பச்சையில் காத்திருக்கும் முதியவருக்கு அரைமணிக்கு ஒருமுறை அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லி மேசைக்குப் போய்க் கேளுங்கள். எரிச்சல்படுவார்கள், நானும் பட்டிருக்கிறேன், இருந்தாலும் கேளுங்கள்.

கேள்வி: 70 வயதுக்கு மேற்பட்டோருக்கான ஆயுஷ்மான் (அரசு மருத்துவக் காப்பீட்டு) அட்டை பற்றி யாரிடம் கேட்பது?

பதில்: மருத்துவமனையில் இத்திட்டத்துக்கு உதவும் பணியாளரான ஆரோக்ய மித்ராவிடம் விசாரியுங்கள்.