நான்கு நாளில் நேர்காணல் – கடிதம்

வணக்கம் சார்,

செய்யாறு பக்கத்து கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எம்.ஏ. வரலாறு, தமிழ்வழி. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டுமான தகுதி கிடைத்திருக்கிறது. வெளிமாநிலத்து மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்று திங்கள் மாலை மெயில் வந்தது, வெள்ளிக்கிழமை காலை நேர்காணல். 'சோழர் கால ஏரிப் பராமரிப்பும் கிராம நிர்வாகமும்' என்று நான்கு பக்க ஆய்வுத்திட்டம் கொடுத்திருக்கிறேன். கிராம சபையின் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டுதான் அதில் முக்கியச் சான்று. அச்சில்தான் படித்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. நூலகத்திலிருந்து ஆறு புத்தகங்கள் எடுத்து வந்தேன், எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆங்கிலமும் சுமார்தான். போகாமலே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

கே.

(இந்தப் பதிலை அன்றிரவே அவருக்கு அனுப்பிவிட்டேன். இதே அவதியில் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதால் அவர் சம்மதத்தோடு இங்கே.)

அன்புள்ள கே,

அந்த ஆறு புத்தகங்களையும் நாளைக் காலை திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருந்தால் புரட்டத் தோன்றும். நான்கு நாளில் புரட்டியது வெள்ளிக்கிழமை வாயில் வராது, குழப்பத்தை மட்டும் கொண்டுவந்து சேர்க்கும்.

அதற்கும் முன்னால் சான்றிதழைப் பாருங்கள். நீங்கள் பிசி அல்லது எம்பிசி என்றால், கையிலிருக்கும் மாநில சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாதவர்' (ஓபிசியில் வசதி படைத்த பிரிவைச் சேராதவர்) என்ற சான்றிதழும் வேண்டும். பெரும்பாலும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதைத்தான் கேட்பார்கள். நம் பிள்ளைகள் கடைசி நேரத்தில் தடுக்கி விழுகிற இடம் இதுதான். நாளை இ-சேவை மையம் திறந்ததும் முதல் ஆளாய் நில்லுங்கள். வெள்ளிக்குள் கைக்கு வராது என்று தெரிந்தால் விண்ணப்ப ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு சமர்ப்பிக்கலாமா என்று துறை அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்.

போகாமல் இருக்கலாமா என்று கேட்கிறீர்கள். பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்ற உங்களைப் போன்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. அந்த 70-க்கான மதிப்பெண்ணை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதுவும் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். எழுந்து போவதுதான் புத்தி.

இனி ஆய்வுத்திட்டம். நான் கல்லூரியில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். மேசையின் அந்தப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் நான்கு பக்கத்தை அன்று காலைதான் படித்திருப்பார்கள், சிலர் நீங்கள் உள்ளே நுழையும்போதுதான் புரட்டுவார்கள். அதனால் கேள்வி அந்தத் தாளிலிருந்துதான் வரும். தலைப்பில் 'சோழர் காலம்' என்று போட்டிருக்கிறீர்கள், சான்று ஒரே ஊர். நான் அங்கே இருந்தால் என் முதல் கேள்வி இதுதான்: "உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊர். அங்கே இருந்தது பிராமணர் சபை. வேளாளர் ஊர்களில் ஏரியை யார் பார்த்துக்கொண்டார்கள்?" இதற்கு உங்கள் நான்கு பக்கத்தில் பதில் இல்லை என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் மழுப்பாதீர்கள். 'சபை இருந்த ஊரையும் ஊரார் கூடி நிர்வகித்த ஊரையும் ஒப்பிடுவதுதான் என் ஆய்வு' என்று சொன்னால் ஓட்டையாக இருந்தது ஆய்வுக் கேள்வியாகிவிடும். காலத்தையும் இடத்தையும் சுருக்கிக்கொள்ளத் தயார் என்றும் சொல்லுங்கள். நானூறு ஆண்டுச் சோழர் ஆட்சியை ஒரு ஆய்வேட்டில் அடைக்க யாராலும் முடியாது.

அடுத்த கேள்வி சின்னதாக இருக்கும், ஆளைக் கவிழ்க்கும். கல்வெட்டில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டு என்றுதானே இருக்கிறது, நீங்கள் எப்படி 919, 921 என்று எழுதினீர்கள்? அவன் பட்டத்துக்கு வந்தது 907 என்ற கணக்கை வைத்துத்தான். இதை நாமாகச் சொல்லத் தெரிந்தால் மூலத்தைப் படித்தவர் என்று நம்புவார்கள். ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஊரைப் பிரித்த முப்பது குடும்பு, உறுப்பினராகக் கால் வேலி நிலம், 35 முதல் 70 வரை வயது. இதெல்லாம் பள்ளிப் பாடம், கேட்கமாட்டார்கள். வாரியம் பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை பெரியன்னை பிள்ளைகளையும் சேர்த்து ஏன் விலக்கினார்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஏரியைப் பராமரிக்க ஏரிப்பட்டி என்று நிலம் விட்டிருக்கிறார்களே, அந்த வருமானம் யார் கையில் புழங்கியது? கணக்குக்கும் ஏரிக்கும் உள்ள இந்த உறவுதான் உங்கள் தலைப்பின் உயிர். செவ்வாய் மாலை முழுக்க இதற்கே வையுங்கள்.

நூற்பட்டியலில் படிக்காத புத்தகம் ஏதாவது இருந்தால் பென்சிலால் குறித்துவையுங்கள். என் நேர்காணலில் ஒரு பெரியவர் என் பட்டியலில் விரல் வைத்து, "இதை எங்கே படித்தீர்கள்?" என்றார். இன்னொரு நூலின் அடிக்குறிப்பிலிருந்து நான் தூக்கிய பெயர் அது. வாய்க்கு வந்த நூலகத்தைச் சொன்னேன். "அப்படியா, போன மாதம் நான் தேடியபோது அங்கே இல்லையே" என்றார், சிரிக்காமல். அந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை. சோழ அரசைப் பற்றி எழுதிய அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைனைப் பற்றிக் கேட்டால், படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்றே சொல்லுங்கள். அவரை மறுத்த ஜப்பானிய ஆய்வாளர் கராஷிமாவைப் படித்திருந்தால் அதைச் சொல்லுங்கள், பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

ஆங்கிலத்துக்கு நான்கு நாளில் மருந்து இல்லை. ஆய்வுத்திட்டத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லும் அளவுக்கு ஆங்கிலத்தில் எழுதி, சத்தமாக அம்மாவிடம் சொல்லிக் காட்டுங்கள். அவருக்குப் புரியாவிட்டாலும் எங்கே திணறுகிறீர்கள் என்று அவர் முகம் காட்டிவிடும். வாரியம், குடும்பு, ஏரிப்பட்டி போன்ற சொற்களைத் தமிழிலேயே சொல்லி, பிறகு விளக்குங்கள். அந்த அறையில் அவற்றைப் பிழையில்லாமல் உச்சரிப்பவர் நீங்கள் ஒருவராக மட்டுமே இருக்கலாம்.

புதன்கிழமை காலை உத்திரமேரூர் போய்விட்டு வாருங்கள். உங்கள் ஊரிலிருந்து அரை நாள் வேலை. செய்யாற்றுக்காரர் அந்தக் கல்வெட்டை நேரில் பார்த்ததில்லை என்று வெள்ளிக்கிழமை சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 'வாரியம்' என்ற சொல்லை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள், கிடைத்தால் போதும். பிறகு ஏரிக்கரைக்குப் போய் மதகு எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் பாய்கிறது, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்று கரையில் மாடு மேய்ப்பவர் யாரையாவது கேளுங்கள். வியாழன் இரவு ரயிலுக்கு ஸ்லீப்பர் தட்கால் புதன் 11 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கோயிலில் இருப்பீர்கள், டிக்கெட்டை வீட்டில் வேறு யாராவது போடட்டும்.