கண்ணை மூடச் சொன்னதும் நடுங்கியவருக்கு

போரில் பிழைத்த பெண்களுக்கான யோகா, தியான வகுப்பில், கண்ணை மூடச் சொன்னதும் ஒருவர் நடுங்கி எழுந்து போய்விட்டார், வகுப்பையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். கண்ணை மூடினால் சிலருக்கு அமைதி வருவதில்லை, அந்த நாளே திரும்ப வந்துவிடுகிறது.

அடுத்த முறை கண் திறந்தே இருக்கட்டும். வாசல் தெரியும்படி உட்காரட்டும், கதவைச் சாத்தாதீர்கள். பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவது சற்று நீளமாக இருந்தால் போதும். மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனம் இப்போதைக்கு வேண்டாம். அப்புறம், ஆசனத்தைத் திருத்துகிறேன் என்று பின்னாலிருந்து தொடவே தொடாதீர்கள். ‘விருப்பமிருந்தால் கையை உயர்த்தலாம்’ என்று சொல்லிப் பாருங்கள், கட்டளை என்றாலே இறுகிப்போகும் உடம்புகள் அவை.

தூக்கமே இல்லை, சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யோகா அந்தச் சிகிச்சைக்குத் துணைதான். போனவரை வற்புறுத்தாமல், அவருடைய பாயை மட்டும் வாசலோரம் விரித்து வையுங்கள்.