மார்க்கபந்து என்ற பெயருக்கு என்ன பொருள்? வேலூர்ப் பக்கம் ஏன் அதிகம் கேட்கிறது?

மார்க்கம் என்றால் வழி, பந்து என்றால் உறவு. இரண்டும் வடசொல். வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் இருக்கும் விரிஞ்சிபுரத்துச் சிவன் பெயர் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். மூட்டையோடு தனியே போன வணிகருக்குத் துணையாக வந்தார் என்பது தலக்கதை. அந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிள்ளைக்கு வைப்பார்கள். அப்புறம் தாத்தா பெயர் பேரனுக்கு என்று தொடரும். 'டேய் மார்க்கபந்து' என்று தெருவில் கூப்பிடும்போது அந்தப் பழைய பயணமும் கூடவே வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ரஃபீக் என்று வைப்பார்களே, அந்த அரபுச் சொல்லுக்கும் தோழன், வழித்துணை என்றுதான் பொருள். கிரேக்கத்திலிருந்து வந்த கிறிஸ்டோபர் 'கிறிஸ்துவைச் சுமப்பவர்'. பயணிகளின் காவலராக வணங்கப்படும் புனிதர் அவர்.

பழைய வட ஆற்காட்டில் திருவண்ணாமலையும் சேர்ந்திருந்ததால் அண்ணாமலை, அருணாசலம் என்ற பெயர்களும் நிறைய. அண்ணாமலை என்றால் நெருங்க முடியாத மலை, அருணாசலம் என்றால் செம்மலை.