ஆய்வகங்களில் நடக்கும் பாலியல் துன்புறுத்தலைச் சட்டத்தால் தடுக்க முடியுமா?

"பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-லேயே சட்டம் வந்துவிட்டதே, அப்புறமும் ஏன் ஆராய்ச்சி மாணவிகள் புகார் கொடுக்கத் தயங்குகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிஎச்டி செய்த ஆய்வகத்தில் மாதக் கடைசியில் எல்லாரும் ஆளுக்கொரு தாளோடு கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர், அறை வாசலில் நிற்போம். அதில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் உதவித்தொகை வரும். தீசிஸுக்கு ஒப்புதல் தருவதும், கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று முடிவு செய்வதும், அடுத்த வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுவதும் அதே கைதான். கம்பெனியில் மேலாளர் சரியில்லை என்றால் வேறு வேலை தேடலாம். நான்கு வருட டேட்டாவைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஆய்வகத்துக்கு யாரும் போய்விட முடியாது.

என் சீனியர் ஒருவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கருத்தரங்குக்குப் போன இடத்தில் கைடிடம் மோசமான அனுபவத்துக்கு ஆளானார். (ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை. சட்டத்தின் 16-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது.) வெளியூரில் நடந்ததால் புகார் செல்லாது என்று சிலர் பயமுறுத்தினார்கள். அது தப்பு. வேலை நிமித்தமாகப் போகிற இடமும் சட்டப்படி பணியிடம்தான். நிரூபிக்க முடியாவிட்டால் உன்மேலேயே நடவடிக்கை வரும் என்றார்கள். அதுவும் தப்பு. போதிய ஆதாரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகாரைப் பொய்ப்புகார் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் காலக்கெடு நிஜம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காரணம் சரியாக இருந்தால், புகாரை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் தர வேண்டிய ஆய்வுச் சுருக்கம்) முடியட்டும் என்று காத்திருந்த அக்கா, கெடு முடிய சில நாள் இருக்கும்போதுதான் கொடுத்தார்.

விசாரணைக்கு 90 நாள். அதுவரை எங்கே உட்காருவது? "3 மாதம் லீவு எடுத்துக்கொள்ளம்மா, சட்டத்திலேயே இருக்கிறது" என்றார்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அக்கா வளர்த்துக்கொண்டிருந்த செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம், அதாவது ஊட்டத் திரவம், மாற்ற வேண்டும். லீவு போனால் செல்லும் போச்சு, வருடமும் போச்சு. தப்பு செய்தவர் ஆய்வகத்தில், புகார் கொடுத்தவர் வீட்டில்!

குழுவுக்கு வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம் இருக்க வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு வழக்கறிஞர். அவர்தான் சட்டத்தின் கீழ் வந்த 2013 விதிகளில் 8-ஆவதை எடுத்து வாசித்தார். பாதிக்கப்பட்டவர் எழுத்துப்பூர்வமாகக் கேட்டால், அவருடைய கல்விப் பணியை எதிர்மனுதாரர் (புகாருக்கு ஆளானவர்) மேற்பார்வையிடக் கூடாது என்று குழு பரிந்துரைக்கலாம். யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறையிலும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. இந்தச் சட்டத்தில் ஆராய்ச்சி மாணவிக்கு உண்மையில் உயிர்நாடியான வரி என்று நான் நினைப்பது இதுதான். அடுத்த மாதத் தாளில் வேறொரு பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.

சட்டத்தின் கை எட்டாத இடமும் உண்டு. சிபாரிசுக் கடிதம், கட்டுரையில் பெயர் வரிசை, ஒரே துறையில் இருப்பவர்கள் போனில் பேசிக்கொள்வது, இதையெல்லாம் எந்தக் குழு விசாரிக்கும்? அக்காவின் பெயர் முதலில் வர வேண்டிய கட்டுரையில் மூன்றாவதாக வந்தது.

அமெரிக்காவில் பணத்தின் வழியாகப் போனார்கள். 2018-இல் ஆராய்ச்சிக்கு மானியம் தரும் அரசு அமைப்பான நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு நிபந்தனை கொண்டுவந்தது. மானியம் வாங்கிய ஆய்வுத் தலைவர்மீது துன்புறுத்தல் உறுதியானால், அல்லது அதற்காக அவர் விடுப்பில் அனுப்பப்பட்டால், நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். ஆளை மாற்றலாம், மானியத்தையே நிறுத்தலாம். 2022-இல் வந்த சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டத்திலும் இந்தப் பிரச்சினைக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். நட்சத்திர விஞ்ஞானியைக் காப்பாற்றத் துடிக்கும் நிர்வாகத்துக்குப் புரிகிற மொழி அது. நம் ஊர் மானிய அமைப்புகளும் இதைச் செய்யலாம் என்பது என் கருத்து.

நீங்களோ தோழியோ புகார் எழுதுவதாக இருந்தால், கடைசிப் பத்தியில் இதைச் சேர்த்துவிடுங்கள்: "விசாரணை முடியும்வரை என் கல்விப் பணியை எதிர்மனுதாரர் மேற்பார்வையிடாதபடி, விதி 8-இன் கீழ் இடைக்கால நிவாரணம் கோருகிறேன்." வாயால் கேட்டால் லீவுதான் கிடைக்கும்.