பொதுக்கொள்கைப் பள்ளிகளின் ‘சமூக ஈடுபாடு’: நடைமுறையில் அது என்ன?

அரசுக் கொள்கைகளை ஆராய்ந்து கற்பிக்கும் பல்கலைக்கழகப் பொதுக்கொள்கைப் பள்ளிகள் ‘சமூகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்கிறோம்’ என்கிறார்களே, அது வெறும் கூட்டம் போடுவதுதானா என்று கேட்டிருந்தீர்கள். சில இடங்களில் அவ்வளவுதான். ஆனால் சரியாகச் செய்தால் ஆய்வின் முடிவே மாறிவிடும்.

அமெரிக்க அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் தொடக்கத்தில் இண்டியானா பல்கலைக்கழக மாணவர்களோடு இண்டியானாபோலிஸ் பகுதியின் காவல்துறைகளை ஆராய்ந்தார். சின்னச் சின்னத் துறைகளைப் பெரிதாக ஒன்றிணைத்தால் சேவை மேம்படும் என்பது அப்போது நிபுணர்கள் பலரின் எண்ணம். இவர்கள் அலுவலகக் கோப்புகளோடு நிற்காமல் வீட்டுக்காரர்களையே கேட்டார்கள்: குற்றத்துக்கு ஆளானீர்களா, கூப்பிட்டால் போலீஸ் எவ்வளவு சீக்கிரம் வருகிறது? ஒரே மாதிரியான அக்கம்பக்கப் பகுதிகளை ஒப்பிட்டபோது, சிறிய துறைகள் பெரியதற்குச் சளைக்கவில்லை; பலவற்றில் முந்தியே இருந்தன. பின்னாளில் தெருவிளக்கின் வெளிச்சத்தையும் சாலையின் மேடுபள்ளத்தையும்கூட அளந்து பார்த்தார்கள். (எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தப் பகுதிதான்.)

அப்புறம், ஈடுபாடு எவ்வளவு நிஜம் என்று பார்க்க ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் முன்வைத்த எட்டுப் படி ஏணி இன்றும் உதவும். அடியில் மக்களைத் தம் விருப்பத்துக்கு வளைப்பது, நடுவில் கருத்துக் கேட்பு, உச்சியில் மக்கள் கையிலேயே அதிகாரம்.

ஒரு திட்டத்தைப் பார்த்தால் நான் மூன்று விஷயம் கேட்பேன்: ஆய்வுக் கேள்வியை யார் தேர்ந்தெடுத்தார்கள், தரவு யாரிடம் இருக்கும், முடிவு அந்த மக்களிடம் அவர்களுக்குப் புரியும்படி திரும்பிப் போகிறதா? கல்விப் பருவம் முடிந்ததும் மாணவர்கள் கிளம்பிவிடுவதால், பெரும்பாலும் சறுக்குவது கடைசிக் கேள்வியில்தான்.