கோப்பு முறைமையின் அடையாள எண்ணை எந்த ஹெடரில் எழுதுவது?

பாலக்காடு, செங்கோட்டை, பாறசாலைப் பக்கத்து நிரலாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் குறித்துக் கேட்டவையும் பதில்களும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: ஐயா, சொந்தமாகக் கோப்பு முறைமை ஒன்று எழுதி வருகிறேன். அதன் அடையாள எண்ணான மேஜிக் எண் என் சி கோப்பிலேயே இருந்தால் போதாதா?

பதில்: அந்த எண்ணை யார் படிப்பார்கள் என்பதே கேள்வி. வட்டில் கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்கைச் சரிபார்க்க உங்கள் நிரல் மட்டுமே அதைப் படிக்குமானால், உங்கள் அடைவிலுள்ள ஹெடரே (வரையறைகளை வைக்கும் கோப்பே) போதும். கோப்பு முறைமையின் விவரம் கேட்கும் ஸ்டாட்எஃப்எஸ் அழைப்பில், வகையைச் சொல்லும் எஃப்_டைப் புலத்திலும் அதையே திருப்பித் தருகிறீர்கள் என்றால், பயனர் நிரல்கள் அதை ஒப்பிட்டுப் பார்க்கும். அப்போது கர்னல் மூலத்தின் இன்க்ளூட், யூஏபிஐ (பயனர் நிரல்களுக்கான இடைமுகம்), லினக்ஸ் என்ற அடைவுகளுக்குள் இருக்கும் மேஜிக்.எச் கோப்பில்தான் அதை வரையறுக்க வேண்டும். லாரியின் என்ஜின் எண்ணை மெக்கானிக் அறிந்தால் போதும், ஆனால் வாளையாறு சோதனைச் சாவடியில் வெளியே தெரிவது பதிவெண் பலகைதான். மேஜிக்.எச் என்ற அந்தப் பலகை இல்லாவிட்டால் ஒவ்வொரு பயனர் நிரலும் அந்த எண்ணைத் தானே எழுதிக்கொள்ளும். அதில் ஓர் இலக்கம் பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது.

சித்தூர் வாசகர் (நம் பாலக்காட்டுச் சித்தூர்): வட்டிலுள்ள எண்ணும் எஃப்_டைப் எண்ணும் ஒன்றாக இருந்தே தீர வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நினைவகத்திலேயே வாழும் டிஎம்பிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமைக்கு வட்டே கிடையாது. ஆயினும் பதினாறடிமானத்தில் 01021994 என்ற எண் அதற்கு உண்டு. வட்டில் வாழும் எக்ஸ்எஃப்எஸ்ஸிலோ இரண்டும் 58465342 தான். அந்த நான்கு பைட்டுகளை எழுத்துகளாகப் படித்தால் எக்ஸ், எஃப், எஸ், பி என்று வரும். வட்டு வடிவத்துக்கான பெயர் அதன் சொந்த ஹெடரிலும், வெளியாருக்கான பெயர் மேஜிக்.எச் கோப்பிலுமாக ஒரே எண் அங்கே இரு பெயர்களில் நிற்கிறது. பணி வேறு என்பதால் இதில் குற்றம் காண மாட்டேன். ஒரே பெயரை இரண்டு ஹெடர்களில் வரையறுப்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

செங்கோட்டை வாசகர்: எஃப்_டைப்பை வைத்து இஎக்ஸ்டி3, இஎக்ஸ்டி4 ஆகிய இரு கோப்பு முறைமைகளையும் பிரித்தறியலாமா?

பதில்: இயலாது. இஎக்ஸ்டி2, இஎக்ஸ்டி3, இஎக்ஸ்டி4 மூன்றுக்கும் இஎஃப்53 என்ற ஒரே எண்தான். பெயர் வேண்டுமானால் ப்ராக் அடைவுக்குள் செல்ஃப் அடைவிலுள்ள மவுண்ட்இன்ஃபோ கோப்பைப் படியுங்கள்.

பாறசாலை வாசகர்: கர்னலில் ஏற்றும் நிரல் துண்டான என் மாட்யூல் கர்னல் மூலத்தில் சேராமல் தனியே இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு உங்கள் ஹெடரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேஜிக்.எச் கோப்பில் ஏற்கெனவே உள்ள எண் எதனோடும் மோதாததை இன்றே தேர்ந்தெடுங்கள். மாட்யூல் மூலத்தில் சேர்ந்து, பயனர் நிரல்கள் அந்த எண்ணை நம்பத் தொடங்கிய பிறகு அதை மாற்ற யாரும் விடமாட்டார்கள்.